அப்பாவின் வாயால் கேட்ட உன் படம்

அன்புள்ள பெரியவனுக்கு,

இந்தக் கடிதம் உன் கைக்கு வரும்போது நீ வேளைக்குச் சாப்பிட்டு, நேரத்துக்குத் தூங்கி, சளி இருமல் எதுவும் அண்டாமல் இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு தொடங்குகிறேன். இங்கே நாங்கள் மூன்று பேரும் சுகம், மாடியில் அத்தையும் சுகம், அவர் சுகமாக இருப்பது அவர் நடக்கும் சத்தத்திலேயே எங்களுக்குத் தெரிகிறது. என் வலது கை மட்டும் கட்டுப் போட்டிருக்கிறது, பயப்படாதே, சலவைக் கடையில் நீராவி இஸ்திரியின் குழாய் விட்டுப்போய் உள்ளங்கையில் அடித்துவிட்டது, கொப்புளம் வற்றிவிட்டது, இன்னும் நான்கு நாளில் கட்டைப் பிரித்துவிடுவார்கள். அதனால் சொல்வது நான், எழுதுவது உன் தங்கை. பத்தாம் வகுப்பு வந்துவிட்டாள் அல்லவா, நான் பேசுவதை அப்படியே எழுதினால் கடிதம் கொச்சையாகிவிடும் என்று திருத்தித் திருத்தி எழுதுகிறாள், நான் அப்பா கத்தினார் என்று சொன்னால் இவள் உரக்கச் சொன்னார் என்று எழுதுகிறாள். எங்கேயாவது பாடப்புத்தக வாடை அடித்தால் அதற்கு நான் பொறுப்பில்லை. அவளுக்கு ஏதாவது சொல்லத் தோன்றினால் அடைப்புக்குறிக்குள் எழுதிக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன், நடுவில் புகுந்து என் பேச்சைக் குழப்பக் கூடாது என்பது ஒப்பந்தம்.

நீ அனுப்பிய பொட்டலம் போன மாதக் கடைசியிலேயே வந்து சேர்ந்தது. உள்ளே விரல் நீளப் பென்டிரைவ், அதோடு அரைப் பக்கக் கடிதம். உன் படம் முடிந்துவிட்டது என்றும், அது உன் கதைதான் என்றும், அதில் நீயே நடித்திருக்கிறாய் என்றும், மூக்குக்கண்ணாடிக் கடைக்காரராக வருகிறவர் நடிகர் இல்லை, உன்னோடு இருக்கிற அவரேதான் என்றும் எழுதியிருந்தாய். கடைசி நான்கு வரியை எத்தனை தடவை படித்தேன் என்று எனக்கே கணக்கில்லை. இன்னும் இரண்டு மாதத்தில் பத்து நாள் விடுமுறை, வந்தால் இருவராக வருவோம், தனியாக வந்து பாதி ஆளாக உட்கார்ந்திருக்க இனி மனம் இல்லை, அப்பா படத்தைப் பார்த்துவிட்டுச் சொல்லட்டும், பதில் வந்த பிறகுதான் டிக்கெட் எடுப்பேன் என்று. வரவேண்டாம் என்று அப்பா சொல்லிவிட்டால் நீ அப்புறம் எப்போதுமே வர மாட்டாய் என்று நீ எழுதவில்லை, ஆனால் எனக்கு அது படித்த மாதிரியே இருந்தது. இதையெல்லாம் உன்னிடம் போனிலேயே சொல்லியிருக்கலாம். அப்பாதான், அவன் எழுத்துல கேட்டான், பதிலும் எழுத்துலயே போகட்டும், நாளைக்கு நான் மாத்திப் பேசிட்டேன்னு யாரும் சொல்லக்கூடாது என்றார். பதிலை முதல் வரியிலேயே எழுதிவிடலாம் அம்மா, அண்ணன் துடித்துக்கொண்டிருப்பான் என்றாள் தங்கை. நான்தான் வேண்டாம் என்றேன். நடந்ததை நடந்த வரிசையில் சொன்னால்தான் நீ நம்புவாய். எனக்கே இன்னும் முழுதாக நம்பிக்கை வரவில்லை.

அந்தப் பென்டிரைவை அப்பா ஒன்பது நாள் தொடவில்லை. பல் கிளினிக்கின் பின்னறையில், பல்செட் அச்சுக்கான பிளாஸ்டர் மாவு டப்பாவின் மேல் வைத்திருந்தார். நான் சாப்பாடு கொண்டுபோகும்போதெல்லாம் பார்ப்பேன், அது இருக்கும் இடத்தில் இருக்கும், சுற்றிலும் மட்டும் வெள்ளைப் பொடி படிந்திருக்கும். உனக்கு நினைவிருக்கும், நான்கு வருடம் முன்பு நீ அந்த அறையில்தான் அவரிடம் சொன்னாய். நீ பாதி சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவர் பல்செட்டுக்கு மெருகேற்றுகிற மோட்டாரைப் போட்டுவிட்டார். நீ கொஞ்ச நேரம் உதடு அசைய நின்றுகொண்டிருந்துவிட்டுப் போய்விட்டாய். அன்றிலிருந்து உன் பேச்சை யார் எடுத்தாலும் இந்த வீட்டில் அந்த மோட்டார் சத்தம் எங்கேயோ கேட்கிற மாதிரிதான் எனக்கு இருக்கும். பத்தாவது நாள் அவரே பென்டிரைவைத் துடைத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்து, வியாழக்கிழமை கிளினிக் லீவு, பாத்துடலாம் என்றார். பார்த்துவிடலாம் என்றால் முடித்துவிடலாம் என்ற குரலில்.

சிக்கல் அத்தைதான். மாடித் தரை நம் கூரை, நடுவில் ஒரு பலகைதான், இங்கே கரண்டி விழுந்தால் அங்கே என்ன விழுந்தது என்று கேட்பார். அவரிடம் இத்தனை வருடமாக நீ வேலை வேலை என்று இருக்கிறாய், கல்யாணத்துக்கு நேரமில்லை என்றுதான் சொல்லி வைத்திருக்கிறோம். சத்தத்தைக் குறைத்து வைத்துப் பார்க்கலாம் என்றால், முப்பது வருடம் அந்த மோட்டார் பக்கத்தில் உட்கார்ந்ததில் அப்பாவுக்குக் காது மந்தம், குறைத்து வைத்தால் அவருக்கு ஒன்றும் கேட்காது, கூட்டி வைத்தால் அத்தைக்கு எல்லாம் கேட்கும். காதில் மாட்டுவது இருக்கிறதே என்றாள் தங்கை, இருப்பது ஒன்று, எங்களுக்கு ஆறு காது. கடைசியில் அப்பா சொன்னார், சத்தமே வேணாம், சும்மா படத்தை ஓட்டு, வாயைப் பாத்தா எனக்குத் தெரிஞ்சுடும். அது உண்மைதான். பல்செட் மெழுகில் இருக்கும்போதே ஆளின் வாயில் வைத்து வவ்வால், பப்பாளி, சிசு என்று சொல்ல வைத்து, உதடு எங்கே தட்டுகிறது, நாக்கு எங்கே போகிறது என்று பார்ப்பதுதானே அவர் வேலை. டாக்டர் கூட, நான் பல்லைப் பாக்கறேன், இவர் பேச்சைப் பாக்கறாரு என்று சொல்வார். காது குறையக் குறைய அந்தக் கண் கூடிக்கொண்டே வந்திருக்கிறது. இப்படியாக மத்தியானச் சாப்பாடு முடிந்து, மாடியில் அத்தை படுத்துவிட்டார் என்று உறுதியான பிறகு, திரைச்சீலையை இழுத்துவிட்டு, டிவியின் சத்தத்தைச் சுத்தமாக அணைத்துவிட்டு, திருட்டுப் பூனைகள் மாதிரி மூன்று பேரும் உட்கார்ந்தோம். அப்பா டிவியிலிருந்து இரண்டடி தூரத்தில் முக்காலியைப் போட்டுக்கொண்டார், எங்களுக்குப் பாதிப் படம் அவர் தலைதான்.

முதல் காட்சி. நீ சட்டைக்கு இஸ்திரி போடுகிறாய். காலரை நுனியிலிருந்து நடுவுக்குத் தேய்க்கிறாய், நடுவிலிருந்து நுனிக்குத் தேய்த்தால் ஓரத்தில் சுருக்கம் விழும் என்று நான் சொல்லிக்கொடுத்தபடியே. எத்தனை சினிமா பார்த்திருக்கிறேன், ஒருத்தருக்கும் இஸ்திரி போடத் தெரியாது, சும்மா பெட்டியை முன்னும் பின்னும் தள்ளுவார்கள். ஒரு வார்த்தை பேசாமல், யாரையோ பார்க்கப் போகிறாய், அவர் கண்ணுக்கு நன்றாகத் தெரிய வேண்டும் என்று ஆசைப்படுகிறாய் என்பதை அந்தச் சட்டையிலேயே சொல்லிவிட்டாய். (அண்ணா, அதே சட்டை படம் முழுக்க மூன்று தடவை வருகிறது, ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் வெளுத்திருக்கிறது. நான் கவனித்தேன் என்று உனக்குத் தெரிய வேண்டும்.)

பிறகு அந்த முதல் ஆள் வருகிறான். டீக்கடை மேசையில் அவன் போன் கிடக்கிறது, நீ வாசலில் நின்றுகொண்டு விளையாட்டாக அவனுக்குப் போன் போடுகிறாய், கண்ணாடி வழியாகப் பார்த்தால் அவன் போனில் உன் பெயருக்குப் பதில் குழாய் ரிப்பேர் என்று எழுதி வருகிறது. எழுத்தைப் படிக்க அப்பா தேவையில்லை, நாங்களே படித்துவிட்டோம். தங்கைக்குச் சிரிப்பு வந்தது, சிரித்த வாயோடு அவள் முகம் அழுகைக்கு மாறியது. நீ உள்ளே போய் அவன் எதிரில் உட்கார்ந்து ஏதோ சொல்கிறாய். நான் அடங்கமாட்டாமல் அப்பாவின் தோளைத் தட்டி, ஏங்க, என்ன சொல்றான் என்று கேட்டேன். அப்பா கொஞ்சம் பொறுத்து, செய்தி வாசிக்கிற மாதிரி, உங்க வீட்டுக் குழாயெல்லாம் சரியா ஓடுதான்னு கேக்கறான் என்றார். அப்புறம்? அவன் முழிக்கிறான். அப்புறம்? இவன் எந்திரிச்சுப் போறான். அப்படித்தான் ஆரம்பித்தது. அதற்குப் பிறகு நான் கேட்கவே இல்லை, அவரே சொல்லிக்கொண்டு வந்தார். பாட்டு வாத்தியார் ஒருவர் வருகிறாரே, நல்லவர், மென்மையாகப் பேசுகிறவர் மாதிரி தெரிந்தது, அவர் உன் கையைப் பிடித்துக்கொண்டு, நான் கல்யாணமும் பண்ணிக்கறேன், நாம இப்படியே இருப்போம் என்று சொல்வதையும், எனக்குப் பாதி வேணாம் என்று நீ சொல்வதையும் அப்பாதான் சொன்னார். அதைச் சொல்லிவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அதற்குள் இரண்டு வரி போய்விட்டது, பின்னாடி ஓட்டு டீச்சர், விட்டுட்டேன் என்றார். தங்கையை அவர் இப்போதெல்லாம் டீச்சர் என்றுதான் கூப்பிடுகிறார்.

கண்ணாடிக் கடைக் காட்சியைப் பற்றி நான் என்ன சொல்ல. நீ நாற்காலியில் உட்கார்ந்து எழுத்துப் பலகையைப் படிக்கிறாய், வேண்டுமென்றே தப்பாகப் படிக்கிறாய், அவர் கண்ணாடியை மாற்றி மாற்றிப் போடுகிறார், நீ மறுபடியும் தப்பாகப் படிக்கிறாய். எத்தனை தடவை தப்பாப் படிச்சாலும் உங்க கண்ணு நல்லாத்தான் இருக்கு, நாளைக்கும் வாங்க, என்றார் அப்பா. அவர் சொன்ன விதத்தில் நானே நாளைக்குப் போய்விடலாம் போல இருந்தது. கல்யாணமான இத்தனை வருடத்தில் இந்த மனிதர் என்னிடம் ஒரு வார்த்தை இப்படிப் பேசியதில்லை. வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்று இருக்கிறவர். உன் புண்ணியத்தில் அவர் வாயால் ஒரு காதல் பேச்சைக் கேட்டேன். (அம்மா சொல்லாத ஒன்று. அப்பா முதலில் ஒவ்வொரு வரிக்கும் பின்னால் என்கிறான், என்கிறான் என்று சேர்த்துச் சொன்னார். இந்தக் காட்சியிலிருந்து அந்த என்கிறான் நின்றுவிட்டது. நீ பேசும்போது அவர் நீயாகவே பேசினார். எப்போது நின்றது என்று அவருக்குத் தெரியாது, நான் சொல்லவும் இல்லை.)

இதில் நாங்கள் மூன்று பேரும் மறந்துபோன விஷயம் ஒன்று இருக்கிறது. அப்பாவுக்குக் காது மந்தம் என்றேனே, காது மந்தமானவருக்குத் தன் குரலும் கேட்காது. மோட்டாருக்கு மேல் பேசிப் பழகின குரல் வேறு. டிவி வாய்மூடி இருக்க, அவர் டிவியைவிடப் பெரிதாகப் பேசிக்கொண்டிருந்தார். நாங்களும் கதையில் விழுந்துவிட்டதால் எங்களுக்கு அது உறைக்கவே இல்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டு அதன் மேல் ஏறி நின்று தண்டோரா போட்டது மாதிரி. மொட்டை மாடியில் உன் சிநேகிதியிடம் நீ நேருக்கு நேராகச் சொல்கிறாயே, அந்த இடம் வந்தது. உன் முகம் திரை முழுக்க இருந்தது, ஒவ்வொரு வார்த்தையும் வாயில் தெளிவாக இருந்தது, அப்பா முக்காலியில் முன்னால் சாய்ந்து, எனக்கு அவரைப் பிடிச்சிருக்கு, ஆம்பளையைத்தான் எனக்குப் பிடிக்கும், சின்ன வயசுலேருந்தே அப்படித்தான், இனிமே மறைக்க என்னால முடியாது என்று உரக்கச் சொன்னார். (கத்தினார்.)

மாடிப்படியில் தடதடவென்று சத்தம். தங்கை படத்தை நிறுத்துவதற்குள் அத்தை உள்ளே வந்துவிட்டார், தலையில் பாதி பின்னல், கையில் சீப்பு. தம்பி, என்னடா சொல்ற, பேரன் பேத்தி எடுக்கற வயசுல இது என்னடா பேச்சு என்று அப்பாவைப் பிடித்து உலுக்கினார். அப்புறம் என் பக்கம் திரும்பி, நீயும் பக்கத்துல உக்காந்து தலையாட்டிக்கிட்டுக் கேட்டுக்கிட்டிருக்கியே, உனக்கு வயிறு எரியலையா என்றார். அவர் அரைமணி நேரமாக மேலே படுத்தபடி எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார், தம்பி யாரோ கண்ணாடிக் கடைக்காரரிடம் மனதைப் பறிகொடுத்துவிட்டு, பெண்டாட்டியிடமே அதை ஒப்பித்துக்கொண்டிருக்கிறான் என்று நினைத்திருக்கிறார். வேறு நேரமாக இருந்தால் நான் சிரித்திருப்பேன். திரையில் உன் முகம் அப்படியே நின்றுகொண்டிருந்தது. நான் வாய்க்கு வந்ததை, சும்மா ஒரு சினிமாங்க அண்ணி, சின்னவளுக்குப் பள்ளிக்கூடத்துல பாக்கச் சொன்னாங்க என்று ஆரம்பித்தேன். தங்கையும் தலையை ஆட்டினாள், பொய் சொல்லத் தெரியாத பெண், காது சிவந்துபோய் ஆட்டினாள். அப்பா அதைப் பிடித்துக்கொண்டால் அதோடு முடிந்தது. ஒரே ஒரு ஆமாம் போதும். அத்தை மேலே போய்விடுவார், நாங்கள் மீதியைப் பார்ப்போம், உனக்கு ஏதோ ஒரு பதில் போகும், எல்லாம் பழையபடி பலகைக்குக் கீழேயே இருக்கும். நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை, அவர் கையைப் பார்த்தேன், மோட்டாரின் சுவிட்சைத் தேடுகிற கை மாதிரி முக்காலியின் ஓரத்தைத் தடவிக்கொண்டிருந்தது.

நான் இல்லக்கா, என் பையன் சொல்றான் என்றார். அத்தை எந்தப் பையன் என்றார். எனக்கு எத்தனை பையன், உன் மருமகன்தான், அவன் கதை, அவனே படமா எடுத்திருக்கான், இந்த வார்த்தையை அவன் நாலு வருஷம் முன்னாடியே என்கிட்ட சொன்னான், நான்தான் காதுல வாங்கலை, இன்னிக்கு அவன் சொன்னதை என் வாயால சொல்லிப் பாத்தேன், சொல்ல முடியுது, ஒண்ணும் ஆயிடலை, உக்காரு. இவ்வளவும் ஒரே மூச்சில். பிறகு தங்கையைப் பார்த்து, டீச்சர், முதல்லேருந்து போடு, சவுண்டை வை, எவ்வளவு இருக்கோ அவ்வளவும் வை என்றார்.

அத்தை உட்கார்ந்தார். மறுத்து எழுந்து போவார் என்று நினைத்தேன், கால் வரவில்லையோ, ஆர்வமோ, பின்னாத பாதித் தலையோடு அப்படியே என் பக்கத்தில் உட்கார்ந்தார். படம் முழுக்கப் பேசிக்கொண்டே இருந்தார். அந்தக் குழாய்க்காரனை அவர் திட்டிய திட்டை எழுதத் தங்கை மறுக்கிறாள். பாட்டு வாத்தியார் வந்தபோது, இவனைக் கட்டிக்கிட்டவ கதி என்ன ஆகும், நல்லவேளை நம்ம புள்ள அப்படி ஒருத்தியை ஏமாத்தலை என்றார். பிறகு திடீரென்று நினைவு வந்து, அப்போ நான் கொண்டுவந்த பொண்ணுங்க போட்டோ பதினேழு, அத்தனையையும் வாங்கி அலமாரியில வெச்சுக்கிட்டு என்னை வேடிக்கை பாத்தீங்களா என்று என் முழங்கையில் இடித்தார், கட்டுப் போட்ட கையில். அவரை ஏமாற்றியது நாங்கள்தான், நீ இல்லை.

மொட்டை மாடிக் காட்சிக்குப் பிறகு வருகிறதே, நீ சமையலறைத் தொட்டியில் இரண்டு தட்டைக் கழுவிக்கொண்டு நிற்கிற காட்சி. முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறாய். சத்தமில்லாமல் பார்த்திருந்தால் அது எங்களுக்குக் கிடைத்தே இருக்காது, அப்பாவாலும் முதுகைப் படிக்க முடியாது. நீ வீட்டுக்குப் போன் செய்வது மாதிரி பேசிப் பழகுகிறாய். உன் குரலில், அப்பா, நான் ஒருத்தரைக் கூட்டிட்டு வரலாமா என்கிறாய். பிறகு குரலைத் தடிமனாக்கிக்கொண்டு அப்பா மாதிரியே, வாப்பா, யாராயிருந்தா என்ன, இது உன் வீடு, கூட்டிட்டு வா என்கிறாய். தட்டை வைத்துவிட்டு, மறுபடியும் எடுத்து, கழுவின தட்டையே கழுவிக்கொண்டு, மறுபடியும் கேட்கிறாய், மறுபடியும் நீயே பதில் சொல்லிக்கொள்கிறாய். அப்பா இதை மூன்று தடவை போடச் சொன்னார். மூன்றாவது தடவைக்குப் பிறகு அப்பா, படத்துல எல்லாம் நெஜம், இது ஒண்ணுதான் பொய் என்றார். கொஞ்சம் பொறுத்து, நான் சொல்லவேண்டியதை அவனே சொல்லிக்கிட்டு நின்னிருக்கான் பாரு என்றார். அவ்வளவுதான்.

கடைசியில் நீயும் கண்ணாடிக் கடைக்காரரும் பேருந்து நிலையத்தில் ஒரே பையை நடுவில் வைத்துக்கொண்டு, ஆளுக்கு ஒரு ரொட்டித் துண்டோடு உட்கார்ந்திருக்கிறீர்கள். பேருந்து வந்ததா, ஏறினீர்களா என்று நீ காட்டவே இல்லை, படம் முடிந்துவிட்டது. அத்தைக்கு அது பிடிக்கவில்லை, மீதி எங்கே என்று பென்டிரைவைத் தட்டிப் பார்த்தார். அப்பாவோ படத்தை முன்னும் பின்னும் ஓட்டச் சொல்லி, கடைக்காரர் ரொட்டி மெல்லுவதையே பார்த்துக்கொண்டிருந்தார். இடது பக்கம் கீழ்க்கடைவாயில அவருக்கு ரெண்டு பல்லு இல்லை, அந்தப் பக்கம் மெல்லுறதே இல்லை பாரு, இப்படியே விட்டா மேல் பல்லு இறங்கிடும் என்றார். பிறகு என்னிடம், அவனுக்கு எழுது, ஒரு நாள் ரெண்டு நாள் தலையைக் காட்டிட்டு ஓடற மாதிரி இருந்தா வரவேணாம், அவருக்குப் பல்லு வைக்க அச்சு எடுக்கணும், மெழுகுல வெச்சுப் பாக்கணும், மாட்டிட்டு உறுத்துதான்னு பாக்கணும், முழுசா ஒரு வாரம் வேணும், அவர் லீவு போட்டுட்டு வரணும் என்றார். இதுதான் அப்பாவின் பதில். வார்த்தை மாறாமல் எழுதச் சொல்லித் தங்கையிடம் சொல்லியிருக்கிறேன். இரண்டு டிக்கெட்டாக எடு.

எல்லாம் தேனும் பாலுமாக ஆகிவிட்டது என்று நினைத்துவிடாதே. யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று தலையில் அடித்துச் சொல்லிவிட்டு மேலே போன அத்தை, மறுநாள் மத்தியானத்துக்குள் சொந்தம் பூராவுக்கும் போன் போட்டுவிட்டார். அவர் கணக்கில் உன் விஷயம் அவருக்கு எப்போதோ தெரியும், எங்களுக்குத்தான் பக்குவமாக எடுத்துச் சொன்னாராம். பெரியப்பா போனில் அப்பாவைக் கூப்பிட்டு, இனி உன் வீட்டு வாசப்படி மிதிக்க மாட்டேன் என்றாராம். உன் பல்செட்டு ஆடுதுன்னா வா, இதைப் பேசறதுக்குன்னா வராதே என்று அப்பா வைத்துவிட்டார். வைத்த பிறகு வெகுநேரம் அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தார், அண்ணன் அல்லவா. நீங்கள் வரும்போது சிலர் வர மாட்டார்கள், வருகிற சிலர் கண்டதைக் கேட்பார்கள். உன்னோடு வருகிறவரிடம் இதை முன்கூட்டியே சொல்லிவிடு. நான் கூட இன்னும் எல்லாம் புரிந்தவள் இல்லை. தங்கை தன்பாலீர்ப்பு என்று ஒரு நல்ல சொல் இருக்கிறது அம்மா என்று சொல்லித் தருகிறாள், எனக்கு நாக்கில் புரளவில்லை, பழகிக்கொள்கிறேன். ஆனால் ஒன்று சொல்கிறேன், என் வயிற்றில் பிறந்தவன் இத்தனை வருடம் எப்படித் தனியாகத் தேடி அலைந்திருக்கிறான், யார் யார் வீட்டு வாசலில் தலையைக் குனிந்துகொண்டு திரும்பியிருக்கிறான், அதையும் ஒருவரைக் கூட மட்டமாகக் காட்டாமல், அந்தக் குழாய்க்காரன் முகத்தில் கூட ஒரு பயத்தை வைத்துக் காட்டியிருக்கிறானே என்று நினைக்கும்போது எனக்குப் பெருமையாக இருக்கிறது. கடையில் என்னோடு இஸ்திரி போடுகிறவளிடம், என் மகன் படம் எடுத்திருக்கான், என்ன கதைன்னு கேட்டா உக்காந்து சொல்லணும் என்று சொல்லியிருக்கிறேன். இன்னும் உட்கார நேரம் வாய்க்கவில்லை. (அண்ணா, என் பங்குக்கு. படத்தில் நீ ஒரு தடவை கூட உன்னைப் பார்த்துப் பாவம் என்று சொல்ல வைக்கவில்லை. கதை எழுதினால் அப்படித்தான் எழுத வேண்டும் என்று நோட்டில் குறித்து வைத்திருக்கிறேன். அவரை நான் அண்ணா என்று கூப்பிடலாமா என்று கேட்டுச் சொல். வேறு முறை எதுவும் எனக்குப் பொருத்தமாகத் தோன்றவில்லை.)

வரும்போது கனமான துணி எடுத்துவாருங்கள், இங்கே காலையில் பனி. உங்களுக்கு வீட்டின் பின்னறையை ஒழித்துக்கொண்டிருக்கிறோம், அலமாரியில் பாதி அவருக்கு. அவருக்கு எது சேராது, எது பிடிக்காது என்று எழுது, கேட்காமல் சமைத்துவிட்டு அவர் மென்று விழுங்கிச் சிரிப்பதைப் பார்க்க எனக்கு விருப்பமில்லை. வெறும் வயிற்றில் டீ குடிக்காதே. படத்தில் உன் கழுத்து எலும்பு தெரிகிறது, இருவரும் சேர்ந்து சாப்பிடுங்கள், சேர்ந்து சாப்பிட்டால் இரண்டு வாய் கூட இறங்கும். நீங்கள் இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துச் சந்தோஷமாக, நோய் நொடி இல்லாமல், நினைத்த வேலை கைகூடி நீண்ட நாள் இருக்க வேண்டும். இது நானும் அப்பாவும் சேர்ந்து சொல்வது.

மறக்காமல் ஒன்று. இந்தக் கடிதம் கிடைத்த பிறகு வருகிற முதல் வியாழக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்கு வீட்டு எண்ணுக்குப் போன் செய். நானும் தங்கையும் வேண்டுமென்றே வெளியே போய்விடுவோம், அப்பாதான் எடுப்பார். இந்த ஒரு வாரமாகத் தினமும் கிளினிக்கிலிருந்து வந்ததும் போனைக் கையில் எடுத்து உன் எண்ணைப் போட்டு, மணி அடிப்பதற்குள் வைத்துவிடுகிறார். எடுத்ததும் ஹலோ என்பார், அப்புறம் பேச்சு வராது. நீ வைத்துவிடாதே. அவருக்கு நேரம் கொடு. போனில் உன் வாய் அவருக்குத் தெரியாது, அதனால் நீ சத்தமாகப் பேச வேண்டும். எதைச் சொல்வதானாலும் சத்தமாகவே சொல்.

உங்கள் இருவருக்கும்,
அம்மா